கருவும் வளர்ப்பும்: மூன்று நாவல்கள் காட்டும் நெறி

நாவல் எழுத விழைவோர் முதலில் தேடுவது ‘கரு’. அது மின்னலெனத் தோன்றுமென்றும், தோன்றியபின் எழுதுவதொன்றே எஞ்சிய பணியென்றும் எண்ணுவர். வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது தொட்டு வளர்ந்துள்ள தமிழ் நாவலைக் கூர்ந்து நோக்கின், இவ்வெண்ணம் பொருந்தாமை புலப்படும். கரு தோன்றுவது கணப்பொழுதில். அதனை வளர்ப்பது பழக்கம். அப்பழக்கம் எத்தகையது என்பதற்கு மூன்று நாவல்களைச் சான்றாகக் கொள்வோம்.

முதலாவது, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979). தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி எழுதுமுன் ஆசிரியர் அவர்களிடம் நேரில் சென்று பழகினார். கண்டும் கேட்டும் செய்தி திரட்டினார். உப்புப் பாத்தியில் வெயிலைத் தாங்கி நிற்கும் மாந்தரை மேசைமுன் அமர்ந்து கற்பனை செய்துவிட இயலாது. ஆயினும் ஒரு குறையும் உண்டு. திரட்டிய செய்தி மிகும் இடங்களில் பாத்திரங்கள் தம் குரலை விடுத்து ஆசிரியரின் குரலில் பேசத் தொடங்கிவிடுகின்றனர். திரட்டுதல் நன்று; திரட்டியதில் பாதியை விட்டுவிடும் துணிவும் வேண்டும்.

அத்துணிவை இரண்டாவது நாவலில் காண்கிறோம். அசோகமித்திரன் 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, 1952-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். 1948-இல் ஐதராபாத் இந்தியாவுடன் இணைக்கப்பட்ட கொந்தளிப்பான காலத்தைக் கூறும் அவருடைய ‘18வது அட்சக்கோடு’ 1977-இல்தான் நூலாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகள் வீணல்ல. காலம் சல்லடையாக நின்று சலித்தபின், கிரிக்கெட், கல்லூரி, அண்டை வீட்டார் என்னும் சிறு செய்திகளே தங்கின. அவற்றின் வழியாகவே வரலாற்றின் கொடுமை நம் நெஞ்சைத் தொடுகிறது.

மூன்றாவது, இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975). 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட நிகழ்ச்சியே இதன் அடிப்படை. தில்லியில் பணியாற்றிய ஆசிரியர், நடந்ததை அப்படியே சொல்லாமல், ஏன் நடந்தது என வினவினார். வினவுதலே கருவை வளர்க்கும் மூன்றாம் பழக்கம். ஆனால், பண்ணையாரின் ஆண்மைக் குறையை அவர் கொடுமைக்குக் காரணமாக்கியது கூலிக்கும் நிலத்துக்குமான போராட்டத்தைச் சிறுமைப்படுத்துகிறது என்ற கண்டனம் எழுந்தது. அதில் நியாயம் உண்டென்றே நான் கருதுகிறேன். கைக்கு எளிதாகக் கிட்டும் விடையோடு வினா நின்றுவிடலாகாது.

நேரில் காணுதல், காத்திருத்தல், வினவுதல் ஆகிய இம்மூன்றும் வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு எட்டாதவை அல்ல. ‘மண்ணை விட்டு வந்தவர்க்கு எழுதப் பொருளேது?’ என்பார் உளர். செகந்திராபாத் தந்த நாவலும், தில்லிவாசி தந்த நாவலும் அவர்க்கு விடை கூறும்.

ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கிய நாள், வாடகை வீடு தேடி அலைந்த தெருக்கள், கடைக்காரரிடம் தட்டுத்தடுமாறிக் கற்ற புதுமொழி ஆகியவற்றை அறிந்த முதல் தலைமுறை நம்மிடையே அருகி வருகிறது. பேரப் பிள்ளைகளுள் பலர்க்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இவ்விரு தலைமுறைக்கும் இடையே நிற்பவர்கள் கேட்டு எழுதிவைக்காவிடில், அவ்வாழ்க்கை சுவடின்றி மறையும். நாவல் பின்னர் பிறக்கட்டும். இன்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கினால் போதும்.