பழமா, பளமா? பேச்சுப் போட்டியில் நடுநிலை

நம் சங்கத்துப் பேச்சுப் போட்டிகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நடுவராக உட்கார்ந்து வருகிறேன். அரிசி வியாபாரிக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தராசு பிடித்த கை என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பேசினாள். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் மட்டும் தமிழ். லீவுக்குப் பாட்டி ஊருக்குப் போய்வந்த கதையைச் சொந்தமாகச் சொன்னாள். சபையே சிரித்து ரசித்தது. ஆனால் 'பழம்' 'பளம்' ஆயிற்று. நடுவே ஒரு 'மத்லப்' வேறு வந்து விழுந்தது. எங்கள் படிவத்தில் உச்சரிப்புக்கு 40, தடங்கலின்றிச் சொல்வதற்கு 30. கூட்டிப் பார்த்தால் அவள் கடைசி. அப்பா எழுதிக் கொடுத்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்த பையனுக்கு முதல் பரிசு. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். பரிசளிப்பின்போது சக நடுவர் ஒருவர் "வாள்க தமிள்" என்று முடித்தார். அவருக்கு யார் மதிப்பெண் குறைப்பது? அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் வரவேயில்லை.

ழகரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நுனிநா அண்ணத்தை வருட அது பிறக்கும் என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்திருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான். ஆனால் தென்மாவட்டங்களில் ளகரமாகவும், சென்னைப் பேச்சில் யகரமாகவும் அது மாறிக் கிடப்பது நமக்குத் தெரியாததா? தமிழ்நாட்டிலேயே தட்டுப்பாடான சரக்கை இங்கே பிறந்த குழந்தையிடம் கேட்டு, இல்லை என்றதும் தண்டம் போடுவது எந்த ஊர் நியாயம்?

நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் எங்கள் சமணச் சான்றோர். என் குரலில் பெருமை கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் பொறுத்தருள்க. திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களைச் சொன்னார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியாரோ, பதினெண் நிலங்களில் தமிழ்நிலம் நீங்கிய பதினேழையும் சேர்த்துக்கொண்டார். உருமாறிய மரூஉவையும் இயல்பு வழக்கில் வைத்தார். இதனால் 'மத்லப்' தமிழாகிவிட்டது என்பதல்ல. அயல்நிலத்தில் வாழ்பவன் வாயில் அயற்சொல் வரும் என்பது இலக்கணப் புலவருக்கே தெரிந்திருந்தது என்பதுதான் செய்தி.

நம் பிள்ளைகள் வெளிநாடு போக எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வைப் பாருங்கள். அதன் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம எடை. உச்சரிப்பிலும், கேட்பவருக்குப் புரிகிறதா என்பதே முதல் கேள்வி. ஊர்வாடைக்காக மட்டும் மதிப்பெண் போகாது. எதிரே இருப்பவர் ஒரே தேர்வாளர்தான், அது குறைதான். ஆனால் பேச்சு ஒலிப்பதிவாகிறது. கட்டணம் கட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். நம் மேடையில் அப்பீலும் கிடையாது, பதிவும் கிடையாது.

என் கடை எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருமுறை முத்திரை வாங்குகிறேன். நடுவர்களுக்கு? போட்டிக்கு முன் மூவரும் ஒரே பேச்சைக் கேட்டுத் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒத்துப் பார்க்கலாம் என்று சென்ற ஆண்டு சொன்னேன். தலைப்பை மேடையில் கொடுத்து ஐந்து நிமிடம் யோசிக்க விடலாம், பிறகு பேச்சுத்தமிழில் இரண்டு கேள்வி கேட்கலாம் என்றும் சொன்னேன். "நேரமில்லை, நயினார்" என்றார்கள். இவ்வாண்டுப் படிவம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அந்த 40ஐ 20 ஆக்கி, மீதியைப் 'புரிந்ததா' என்ற கட்டத்துக்கு மாற்றும்படி செயற்குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.