செல்லாத காசும் செல்லும் சிரிப்பும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்னும் சிறு செப்புக்காசு வழங்கிவந்தது. ஒருபுறம் பிரகதாம்பாள் உருவம். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். நவராத்திரி நாள்களில் அரிசியோடு இக்காசும் மக்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அம்மன் காசு இன்று காட்சிப்பொருள். தன் எல்லைக்குள், தன் காலத்தில் மட்டும் செல்லுபடியாகும் காசு அது. நகைச்சுவையிலும் அத்தகைய காசுகள் உண்டு.

பழைய அமெரிக்கக் கார்ட்டூன் படங்கள் இதற்கு நல்ல சான்று. 1943இல் வெளிவந்த 'ஃபாலிங் ஹேர்' படத்தில், பக்ஸ் பன்னி என்னும் முயல் இருக்கும் போர் விமானம் தலைகீழாகப் பாய்கிறது. தரையைத் தொடுமுன் சட்டென்று அந்தரத்தில் நின்றுவிடுகிறது. காரணம், பெட்ரோல் தீர்ந்துவிட்டது! 'ஏ' அட்டைக்காரர் நிலை இதுதானே என்கிறது முயல். போர்க்காலப் பங்கீட்டில் மிகக் குறைந்த பெட்ரோல் பெற்றோர் 'ஏ' அட்டைக்காரர். அவ்வட்டையை நாம் அறியோம். ஆயினும் ரேஷன் அட்டையின் அருமை அறிந்த நமக்கு நகைப்பு முற்றும் அற்றுப்போவதில்லை. எரிபொருள் தீர்ந்ததால் விழாமல் நிற்கும் விமானம், விளக்கம் இன்றியே சிரிக்க வைக்கிறது.

'பிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரில் (1960–1966) நடிகர் டோனி கர்ட்டிஸ், 'ஸ்டோனி கர்ட்டிஸ்' ஆகிறார். கற்கால மனிதர் கதை ஆதலால் பெயரிலும் கல். அந்நடிகரை அறியாதவருக்கு இச்சிரிப்பில் எதுவும் மிஞ்சாது. சுட்டி டிவி 2007இல் தொடங்கியபின், தமிழில் பேசிய கார்ட்டூன்கள் நம் சிறார்க்கு நெருக்கமாயின. அயல் நாட்டுக் கேலியை நீக்கி நம் திரைப்பட வசனத்தைப் பொருத்துவது மொழிபெயர்ப்பாளர்க்கு எளிய வழி. ஆனால் அதுவும் ஓர் அம்மன் காசே. அடுத்த தலைமுறையில் அதற்கும் உரை எழுத நேரும்.

காரல் பார்க்ஸ் 1954இல் வரைந்த 'டிராலா லா' சித்திரக்கதையின் காசு வேறு வகையானது. 1987இல் 'டக் டேல்ஸ்' தொடரிலும் அது இடம்பெற்றது. பணத்தொல்லையால் நோயுற்ற செல்வந்தர் ஸ்குரூஜ், பணமே அறியாத மலைப்பள்ளத்தாக்கை நாடிச் செல்கிறார். அவருடைய மருந்துப் புட்டியின் மூடி ஒன்று அங்குள்ளவர் கையில் சிக்குகிறது. அரிய பொருள் என்பதாலேயே அது செல்வமாகிறது. ஆசையும் பூசலும் பிறக்கின்றன. தட்டுப்பாட்டைத் தீர்க்க ஸ்குரூஜ் விமானங்களில் நூறு கோடி மூடிகளை வரவழைக்கிறார். வயல்கள் மூடிகளால் மூடிப்போகின்றன.

கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்புகளில் கொட்டைகளைப் பந்தயம் வைத்து ஆடும் சிறுவனுக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. பலர் ஒப்புக்கொண்டால் எதுவும் காசாகும் என்பது அவன் அறிந்ததே. சிரிப்பு ஒரு பெயரையோ அட்டையையோ மட்டும் பற்றி நில்லாமல், மனித ஆசையைப் பற்றி நிற்பதால்தான் இப்படைப்பு எல்லை கடக்கிறது. எனினும் ஒரு குறை உண்டு. கேடு விதைத்தவர் வெளியேறிவிடுகிறார். கெட்ட உறவு எவ்வாறு சீராகும் என்ற வினா எழவே இல்லை.

இயேசுபிரானும் தம் காலத்துக் காசுகளைக் கொண்டே கதை சொன்னார். மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஒரு பணியாளனின் கடன் பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக, ஆறு கோடி நாள் கூலி! தவணை கொடுத்தால் தீர்த்துவிடுவதாக அவன் மன்றாடும்போது, அன்று கேட்டோர் இதழ்களில் புன்னகை அரும்பியிருக்கலாம். நாமோ 'தாலந்து' என்று வாசித்துவிட்டு, முகம் மாறாமல் கடந்து செல்கிறோம்.

மறைக்கல்வி தருவோர் இக்கணக்கை ஒருமுறையேனும் கரும்பலகையில் எழுதிக் காட்டுதல் நன்று. சிறார் முதலில் சிரிப்பர். மன்னிக்கப்பட்ட அதே மனிதன் நூறு தெனாரியத்துக்காக உடன்பணியாளன் கழுத்தை நெரிப்பதைக் கேட்டதும் அச்சிரிப்பு அடங்கும். தாலந்து இன்று செல்லாக்காசு. ஆனால் நூறு தெனாரியத்துக்குக் கழுத்தை நெரிக்கும் கை நம் வீடுகளிலும் உண்டு. அதை அடையாளம் காட்ட அக்கதை இன்றும் செல்லும்.