பழைய பெயரில் புதிய துப்பாக்கி

அமெரிக்காவின் பல மாநிலங்களில், மான் வேட்டைக்கான பொதுப் பருவத்துக்கு முன்போ பின்போ, குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் நிரப்பப்படும் துப்பாக்கியை ஏந்துவோருக்கு மட்டுமே உரிய தனிப் பருவம் ஒன்று ஒதுக்கப்படுகிறது. கூட்டம் குறைந்த காட்டில் வேட்டையாடக் கிடைக்கும் அந்த நாள்கள் ஒரு சலுகை. ஒரே வெடியை நம்பி இரையை மிக அருகில் நெருங்கியாக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை வேட்டைக்காரர் தாமே ஏற்றுக்கொள்வது அச்சலுகைக்கு அவர் தரும் விலை. கடந்த நாற்பது ஆண்டுகளில் சந்தைக்கு வந்த நவீன வகைகள் அந்த விலையைப் பெருமளவு குறைத்துவிட்டிருக்க, சலுகை மட்டும் அப்படியே நீடிப்பது, போட்டி விதிகளின் நேர்மையில் அக்கறை கொண்ட எவரும் ஏற்கத்தக்கதன்று.

தமிழகக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி என்று அறியப்படுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அளந்த கருமருந்தைக் குழலுக்குள் கொட்டி, துணியில் பொதிந்த ஈயக் குண்டை அதன்மேல் வைத்து நீண்ட கோலால் இடித்து இறுக்கிய பின், சக்கிமுக்கிக் கல்லின் பொறியாலோ, தட்டினால் வெடிக்கும் சிறு செம்புத் தொப்பியாலோ மருந்தைப் பற்றவைப்பது இதன் செயல்முறை. ஈரக் காற்றில் மருந்து நமத்துப் போகலாம். விசையை இழுப்பதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையில் ஒரு கணம் நழுவலாம். மீண்டும் நிரப்பி முடிப்பதற்குள் இரை மறைந்துவிடும். மிளகு, கேம்பியர் தோட்டங்கள் காட்டை அழித்துப் பரவிய 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பிய கைதிகளில் சிலர், சிறு குழுக்களாக, வாய்வழி நிரப்பும் மஸ்கட் துப்பாக்கிகளுடன் புலி வேட்டைக்கு அனுப்பப்பட்டதை, அவர்களை நிர்வகித்த மெக்நேர் 1899இல் வெளியான நூலில் பதிவு செய்திருக்கிறார். குறி தவறினால் அத்துப்பாக்கி மறுவாய்ப்பைத் தராது என்பது அக்கைதிகளுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. இன்றைய மான் வேட்டையில் அந்த ஆபத்து இல்லை எனினும், அத்துப்பாக்கி கோரிய நெருக்கமும் பொறுமையும்தான் தனிப் பருவத்தின் உள்ளடக்கம்.

பற்றவைக்கும் பொறியை மருந்துக்கு நேர் பின்னால், குழலின் அச்சுக் கோட்டிலேயே அமைக்கும் 'இன்லைன்' வடிவத்தை, டோனி நைட் 1985இல் கொண்டுவந்த எம்.கே.-85 துப்பாக்கி பரவலாக்கியது. சிதறுகுண்டுத் தோட்டாவுக்கென உருவான 209 எண் பிரைமர் என்ற பற்றவைப்பான், அளக்கும் வேலையை ஒழித்த மருந்து வில்லைகள், மெலிந்த கூர்முனைக் குண்டைக் குழலோடு பொருத்தும் பிளாஸ்டிக் உறை, குறிபார்க்கும் தொலைநோக்கி ஆகியவை இதனுடன் சேர்ந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு திருத்தமே; சேர்த்துப் பார்த்தாலோ, உருண்டைக் குண்டுக்கு 90 மீட்டருக்குள் அடங்கியிருந்த நம்பகமான வீச்சு 180 மீட்டரையும் தாண்டியது. ஒற்றை வெடி என்ற ஓர் அடையாளம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

நவீன வகையை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதங்களுள் வலுவானது, துல்லியம் கூடினால் காயத்தோடு தப்பி வதைபடும் விலங்குகள் குறையும் என்பதாகும். இதைப் புறந்தள்ள முடியாது என்றாலும், கூடிய துல்லியம் அதே தொலைவில் பயன்பட்டால்தான் வதையைக் குறைக்கும். இருமடங்கு தொலைவிலிருந்து சுடும் துணிவாக அது மாறினால் அந்த ஆதாயம் கரைந்துபோகும். மான்கள் பெருகிவிட்ட பகுதிகளில் அதிகம் பேரை வேட்டைக்கு ஈர்க்க வேண்டும் என்பது வனத்துறைகளின் நியாயமான தேவை. ஆனால் அதற்குப் பொதுப் பருவத்தை நீட்டிக்கலாமே தவிர, பழங்கருவிக்கென்று வைத்த நாள்களைக் கரைக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்த ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் ஓடிய குதிரைகளைப் போல, இப்பருவத்தின் வேட்டைக்காரரும் எடை சுமந்து ஓட ஒப்புக்கொண்டவர். சுமையைப் பாதி வழியில் இறக்கிவைப்பவருக்குப் பரிசில் உரிமை இல்லை. நீச்சல் உலகம் இதை விலை கொடுத்துக் கற்றது. வேகத்தைக் கூட்டும் பாலியூரித்தேன் நீச்சலுடைகள் கோலோச்சிய 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலகச் சாதனைகள் முறியடிக்கப்பட்டன; 2010 ஜனவரி முதல் அவ்வுடைகள் தடைசெய்யப்பட்டன. 2016இல் ரியோ ஒலிம்பிக் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் ஜோசப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது இந்தக் கடுமையான விதியின்கீழ்தான். 2008இல் மைக்கேல் ஃபெல்ப்ஸ் உயர்தொழில்நுட்ப உடையில் நிறுவிய 50.58 என்ற ஒலிம்பிக் சாதனையை அவர் சாதாரணத் துணி உடையில் முந்தினார் என்பதே அவ்வெற்றியின் கனத்தைக் கூட்டுகிறது.

எல்லை வகுப்பது இயலாத காரியமும் அன்று. வாய்வழித் துப்பாக்கிகளுக்கான உலகப் போட்டிகளை நடத்தும் எம்.எல்.ஏ.ஐ.சி. அமைப்பு, பழங்கால அசல்களையும் அவற்றின் மெய்யான நகல்களையும் தனித்தனிப் பிரிவுகளில் வைக்கிறது. கொலராடோ இன்லைன் வகையை அனுமதித்தாலும் தொலைநோக்கியையும் மருந்து வில்லையையும் பிளாஸ்டிக் உறையையும் விலக்குகிறது. கருவியின் வடிவத்தைவிட அதன் வீச்சைக் கட்டுப்படுத்துவதால் இது விவேகமான இடைவழி. எனினும் தெளிவான தீர்வு பென்சில்வேனியாவினுடையது. அங்கே 1974இல் தொடங்கிய குளிர்காலப் பருவம் இன்றும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது. இன்லைனும் தொலைநோக்கியும் விரும்புவோருக்கு, பெண்மான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் நோக்குடைய அக்டோபர்ப் பருவம் தனியே திறந்திருக்கிறது. முத்திரையிட்ட மருந்துக் குப்பியைப் பின்புறமாகச் செருகும் நைட்ரோஃபயர் துப்பாக்கி 2020இல் வந்தபோது, அது வாய்வழித் துப்பாக்கிதானா என்று மற்ற மாநிலங்கள் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்து குழம்பின. அத்தகைய புதுமை எதுவும் பென்சில்வேனியாவின் குளிர்காலப் பருவத்தைத் தொட வழியே இல்லை.