ரயிலுக்குத் தெரிந்த வழி, பலகைக்குத் தெரியாத வழி

நியூயார்க் சப்வேயில் அடிக்கடி வரும் அறிவிப்பு ஒன்று உண்டு. ஸ்விட்ச் கோளாறு, அதனால் ஏ ரயில்கள் வெஸ்ட் ஃபோர்த் ஸ்ட்ரீட்டிலிருந்து ஜே ஸ்ட்ரீட் வரை எஃப் தடத்தில் ஓடும் என்பார்கள். ஊருக்குப் புதியவருக்கு இது தலையும் புரியாது வாலும் புரியாது. பழகியவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வழியை யோசிப்பார்.

இந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறு வருஷப் பொறியியல் இருக்கிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே வரி பயணியின் காதுக்கு வந்து சேரும் விதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இரும்புத் தடத்தால் செய்ய முடிகிற ஒன்றைத் தகவல் அமைப்பால் சொல்லக்கூட முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஓட்டையைப் பற்றியது.

ஸ்விட்ச் கோளாறு என்றால் என்ன?

ஸ்விட்ச்னா சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் இல்லீங்க. நம்மூர் ரயில்வேக்காரர்கள் பாயின்ட்ஸ் என்று சொல்வதுதான். ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் நகர்கிற தண்டவாளத் துண்டு. நியூயார்க்கில் பல இடங்களில் அழுத்தக் காற்றின் விசையால் அது நகர்கிறது.

கோளாறு என்றதும் ஏதோ உடைந்து தொங்குவதாக நினைக்க வேண்டாம். அந்தத் துண்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ முழுசாக ஒட்டிப் பூட்டிக்கொண்டது என்ற உறுதி சிக்னல் அமைப்புக்கு வர வேண்டும். அது வராதவரை சிக்னல் பச்சை ஆகாது. மீறிப் போனால் தடத்தின் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கை ரயிலின் பிரேக்கைத் தட்டி அங்கேயே நிறுத்திவிடும். அதாவது சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் விதி. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இது சரியான விதி, இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை அதற்கு அடுத்த கட்டத்தில் ஆரம்பிக்கிறது. நிறுத்தியாச்சு. பின்னால் வரிசையாக ரயில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

வளைந்து கொடுக்கும் தடம்

உலகத்தின் பல மெட்ரோக்களில் இதற்குப் பதில் ஒன்றுதான்: காத்திரு. போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான் இருக்கும். நியூயார்க்கில் அப்படி இல்லை. 1904 அக்டோபரில் முதல் பாதையைத் திறந்தபோதே மன்ஹாட்டனின் முக்கியப் பகுதியில் நான்கு தடங்கள் போட்டார்கள். நடுவில் இரண்டு எக்ஸ்பிரஸுக்கு, ஓரத்தில் இரண்டு லோக்கலுக்கு. ஒன்று அடைத்தால் இன்னொன்றில் தள்ளிவிடலாம்.

இதற்கு மேல் பாதைக்குப் பாதை இணைப்புகளும் உண்டு. மேலே சொன்ன ஏ, எஃப் கதையையே எடுத்துக்கொள்வோம். வெஸ்ட் ஃபோர்த் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் இரண்டு தளம் கொண்டது. மேல்தளம் எட்டாவது அவென்யூ பாதைக்கு, 1932இல் திறந்தது. கீழ்த்தளம் ஆறாவது அவென்யூ பாதைக்கு, 1940இல் திறந்தது. ஸ்டேஷனுக்குத் தெற்கே மேல்தளத் தடத்திலிருந்து கீழ்ப்பாதைக்கு இறங்கும் இணைப்பு ஒன்று இருக்கிறது. இன்றைக்கு ஏ ரயில் எஃப் தடத்துக்குத் தாவுவது அது வழியாகத்தான்.

இதில் சுவாரஸ்யம் என்னன்னா, அதை அவசர வழியாகக் கட்டவே இல்லை. 1936இல் ஹூஸ்டன் ஸ்ட்ரீட் பாதை திறந்தபோது ஆறாவது அவென்யூ பாதை இன்னும் தயாராகவில்லை. அதனால் எட்டாவது அவென்யூவிலிருந்து வந்த ஈ ரயில் இந்த இணைப்பு வழியாகத்தான் தினமும் புரூக்ளினுக்குப் போனது. அன்றைக்கு அது ராஜபாட்டை. 1940க்குப் பிறகு வேலை குறைந்தது, ஆனால் யாரும் பிடுங்கி எறியவில்லை. இன்றைக்கு நெருக்கடி நேரத்தில் அதுதான் கைகொடுக்கிறது.

எல்லா ரயிலையும் எல்லா இடத்துக்கும் அனுப்ப முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண் ரயில்கள் பழைய ஐஆர்டி கம்பெனியின் குறுகலான சுரங்கங்களுக்காகச் செய்தவை, அகலம் சுமார் 9 அடி. எழுத்து ரயில்கள் 10 அடி. அகலமான ரயில் குறுகலான சுரங்கத்தில் நுழையாது. 1940இல் மூன்று அமைப்புகளையும் நகரம் ஒன்றாக்கியது, ஆனால் சுவர்களை ஒன்றாக்க முடியவில்லை. ஆக மாற்றுவழி எண்களுக்குள்ளே, அல்லது எழுத்துகளுக்குள்ளே மட்டும்தான்.

அஞ்சு நிமிஷத்தின் விலை

ஏ ரயில் எஃப் தடத்தில் போனால் கனால் ஸ்ட்ரீட், சேம்பர்ஸ், ஃபுல்டன், ஹை ஸ்ட்ரீட் நான்கும் போச்சு. பதிலாக பிராட்வே லஃபாயெட், செகண்ட் அவென்யூ, டெலான்சி, ஈஸ்ட் பிராட்வே, யார்க் ஸ்ட்ரீட் வரும். ஜே ஸ்ட்ரீட்டில் மறுபடி பழைய பாதைக்கு வந்துவிடலாம்.

சேம்பர்ஸ் ஸ்ட்ரீட் போக வேண்டிய ஒருவர் அந்த ரயிலில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோளாறு இருப்பது ஃபுல்டன் பக்கம். விஷயம் வெஸ்ட் ஃபோர்த்துக்கு முன்னால் தெரிந்தால் அவருக்குப் பிரச்சினையே இல்லை. அதே மேல்தளத்தில் ஈ ரயிலுக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் வேர்ல்ட் டிரேட் சென்டர், அது சேம்பர்ஸோடு சேர்ந்த ஸ்டேஷன்தான். வெஸ்ட் ஃபோர்த் தாண்டிய பிறகு தெரிந்தால் ஊரின் கிழக்குப் பக்கத்தில் போய் நிற்பார்.

இப்போது அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்று வையுங்கள். 472 ஸ்டேஷன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் லிஃப்ட் வசதி. இந்த மாற்றுவழியில் பிராட்வே லஃபாயெட்டை விட்டால் நடுவில் உள்ள நான்கு ஸ்டேஷன்களிலும் அவரால் வெளியே வர முடியாது. நேராக ஆற்றைக் கடந்து ஜே ஸ்ட்ரீட் போய், அங்கிருந்து வேறு ரயில் பிடித்து மறுபடி மன்ஹாட்டனுக்கு வர வேண்டும். அதே தகவல், அஞ்சு நிமிஷம் முன்னால் என்றால் ஒரு பிளாட்பாரம் மாறுவது, அஞ்சு நிமிஷம் பின்னால் என்றால் ஆற்றைத் தாண்டி ஒரு சுற்று.

ரயிலைத் திருப்பும் முடிவு எடுத்ததும் அந்தச் செய்தி எங்கே போகிறது என்பதுதான் இதில் முக்கியம்.

நெம்புகோலிலிருந்து பலகைக்கு

2015இல் சப்வே நிர்வாகமான எம்டிஏ ஒரு வீடியோ வெளியிட்டது. வெஸ்ட் ஃபோர்த் ஸ்ட்ரீட்டின் கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார்கள். நம்மூர் வழக்கில் கேபின். 1930களின் நெம்புகோல்கள், துணி சுற்றிய ஒயர்கள். இவற்றை மாற்றப் பணம் வேண்டும் என்பது வீடியோவின் நோக்கம், நியாயமான கோரிக்கை. அந்த வீடியோவை இன்னொரு கண்ணாலும் பார்க்கலாம். நெம்புகோலை இழுத்தால் தண்டவாளம் நகரும், சிக்னல் மாறும். ஆனால் அந்த இழுப்பு கணினிக்குப் போகிற செய்தி ஆகாது. ஒரு மனிதர் போனில் இன்னொருவரிடம் சொல்ல, அவர் தட்டச்சு செய்ய, அதன் பிறகுதான் நமக்கு.

சரி, எண் ரயில்கள் பக்கம் கணினி வந்துவிட்டதே, அங்கே எப்படி? 2012 கடைசியில் எண் ரயில்களின் நிகழ்நேரத் தரவைப் பொதுவில் திறந்தார்கள். கூகுள் முன்னெடுத்த ஜிடிஎஃப்எஸ் வடிவம், அதில் நியூயார்க்குக்கென்று சில சேர்க்கைகள். மென்பொருள்காரனாக அந்த ஆவணத்தைப் படித்தபோது நான் நின்ற இடம் ஒன்று உண்டு.

ஒவ்வொரு ரயிலுக்கும் இரண்டு புலங்கள் வைத்திருக்கிறார்கள். ஷெட்யூல்டு ட்ராக், ஆக்சுவல் ட்ராக். திட்டப்படி எந்தத் தடம், உண்மையில் எந்தத் தடம். அருமையான யோசனை, இரண்டும் வேறுபட்டால் ரயில் வழி மாறிவிட்டது என்று அர்த்தம். அதுவரைக்கும் கைதட்டலாம். அடுத்து ஆவணம் சொல்வதன் சாரம் இது: அப்படி மாறினால் கணிப்புகள் நம்பத்தக்கவையாக இருக்காது, ஆகவே பிளாட்பாரத்து நேரப்பலகைகள் அந்த ரயிலை எல்லா ஸ்டேஷன்களிலிருந்தும் நீக்கிவிடும்.

நீக்கிவிடும்! ஆயிரம் பேரோடு ஓடிக்கொண்டிருக்கும் ரயில், பலகையில் மட்டும் மறைந்துவிடுகிறது.

உதாரணம் பார்ப்போம். பிராங்க்ஸிலிருந்து வரும் 2ஆம் எண் ரயில், 149ஆவது ஸ்ட்ரீட் தாண்டி ஹார்லெமின் 135ஆவது ஸ்ட்ரீட்டுக்குப் போக வேண்டும். அங்கே கோளாறு என்றால் 5ஆம் எண் ரயிலின் லெக்சிங்டன் பாதையில் திருப்புவார்கள். 135இல் காத்திருப்பவர் பார்க்கும் பலகையில் 4 நிமிஷம் என்று இருந்த வரி சட்டென்று காணாமல் போகும். ரத்தா, தாமதமா, வேறு வழியா? பலகை வாய் திறக்காது. லெக்சிங்டன் பாதையில் நிற்பவர் முன்னால் அறிவிப்பில்லாத 2 வந்து நிற்கும். ஏறலாமா வேண்டாமா?

கணக்குப் பேரேட்டில் தப்பு வந்தால் அடித்துத் திருத்தி எழுதுவார்கள், பக்கத்தைக் கிழிக்க மாட்டார்கள். இங்கே பக்கத்தைக் கிழிக்கிறார்கள்.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: தெரியாததைச் சொல்லாமல் விடுவதுதானே நேர்மை? பொய் நேரம் காட்டுவதைவிட நீக்குவது மேல் இல்லையா? இதில் பாதி உண்மை இருக்கிறது. நேரம் தெரியாது, ஒத்துக்கொள்வோம். ஆனால் அந்த ரயில் 135க்கு வராது என்பது தெரியும். பிரியும் இடத்தைத் தாண்டிவிட்டால், அடுத்த பிரிவு வரை அது எந்த ஸ்டேஷன்களுக்கு வரும் என்பதும் தெரியும், தண்டவாளம் இல்லாத இடத்தில் ரயில் போகாது. தெரியாத நேரத்தோடு சேர்த்துத் தெரிந்த இந்த இரண்டையும் குப்பையில் போடுவது சோம்பேறித்தனமான வடிவமைப்பு.

2005 ஜனவரியில் சேம்பர்ஸ் ஸ்ட்ரீட் சிக்னல் அறையில் தீப்பிடித்தது. ஏ, சி பாதை நாசம். சரியாக மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும் என்றார்கள், பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம் என்றார்கள். கடைசியில் பத்து நாளில் சி ரயில் திரும்ப ஓடியது. நேரக் கணிப்பு இவ்வளவு ஆட்டம் காணும். ஆனால் சி ரயில் ஓடவில்லை என்ற தகவல் முதல் நாளிலிருந்தே திடமாக இருந்தது. இந்த இரண்டு வகைத் தகவலையும் பிரித்து வைக்கணும் என்பதுதான் நான் சொல்வது.

இரண்டாவது எதிர்வாதம்: இந்த இணைப்புகளே வேண்டாம், பாதைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ரயில்கள் கலக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றின் தாமதம் மற்றதுக்குத் தொற்றும். எல், 7 இரண்டும் தனிப்பாதைகள், நேரந்தவறாமையில் பெரும்பாலும் முன்வரிசையில் இருப்பவை. இதுவும் வலுவான வாதம். ஆனால் எல் பாதையின் சுரங்கத்தில் கோளாறு வந்தால் திருப்பிவிட எங்கேயும் இடமில்லை. தினசரி ஓட்டத்தில் கலக்காமல் ஓட்டலாம், அதற்காக இணைப்பைப் பிடுங்க வேண்டியதில்லை. 1940இல் பிடுங்கியிருந்தால் இன்றைக்கு ஏ ரயில் சுரங்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

வரைபடமும் அதே நோய்தான்

1972இல் மாசிமோ விக்னெல்லி வரைந்த புகழ்பெற்ற வரைபடம், 1979இல் அதை மாற்றி வந்த மைக்கேல் ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் வரைபடம், இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ சண்டை. பூங்கா சதுரமா, ஆறு எந்த நிறம் என்றெல்லாம். ஆனால் இரண்டுமே ஏ என்பது மாறாத நீலக்கோடு என்றுதான் சொல்லின.

2011இல் விக்னெல்லியின் குழுவே வீக்கெண்டர் என்ற டிஜிட்டல் படத்தை, வார இறுதிப் பராமரிப்பு மாற்றங்களுக்காகச் செய்தது. 2020 அக்டோபரில் வந்த நேரலை வரைபடம் இன்னும் ஒரு படி மேலே, ஓட்டம் மாறினால் கோடே மாறும். முதல்முறையாகக் கோடு ரயிலைப் பின்தொடர்ந்தது, மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதுவும் யாரோ கணினியில் பதிந்த பிறகுதான் மாறும். முன்கூட்டியே திட்டமிட்ட வேலைக்கு அது பிரமாதம். திடீர்க் கோளாறின் முதல் பத்து நிமிஷத்தில், தகவல் மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது நேற்றைய படம்.

செய்ய வேண்டியது பெரிய மந்திரம் இல்லை. ரயிலை நீக்காதே, அதன் நிலையை மாற்று. "2 ரயில், இங்கே வராது, லெக்சிங்டன் வழி" என்று 135இல் ஒரு வரி. "2 ரயில், வழிமாறி வருகிறது, நேரம் உறுதியில்லை" என்று லெக்சிங்டன் பக்கம் ஒரு வரி. முடிவு எடுக்கும் இடத்திலேயே அது பதிவாகும்படி செய். பிரியும் ஸ்டேஷனுக்கு முன்னால் ரயிலுக்குள்ளே அறிவி.

வழி மாறுவதை விபத்தாக நினைத்து எழுதிய மென்பொருள் இது. நியூயார்க்கில் வழி மாறுவது அன்றாடம். தடம் போட்டவர்கள் அதை நூறு வருஷம் முன்பே புரிந்துகொண்டு இரும்பில் எழுதி வைத்தார்கள். அந்த இரும்பைப் படித்து, வெஸ்ட் ஃபோர்த் வருவதற்குள் பயணிக்குச் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி.