கேட்டில் தொங்கும் பெட்டி

தபால் பெட்டி வாங்கப் போனால் நான் முதலில் முட்டியால் தட்டிப் பார்ப்பேன், தேங்காய்க்காரர் தட்டுவது மாதிரி. மெல்லிய தகரம் கலகலக்கும். கொஞ்சம் கனமான தகடு ‘தொம்’ என்று அடக்கமாகப் பதில் சொல்லும். அந்த ‘தொம்’முக்காக நூறு ரூபாய் கூடவே கொடுக்கலாம். அடுத்து, வாய்க்குள் விரலை விட்டு விளிம்பைத் தடவ வேண்டும். நல்ல பட்டறைக்காரர் ஓரத்தை உள்பக்கம் மடித்து, சுத்தியலால் அடித்துப் படியவைத்திருப்பார். தபால்காரரின் விரலும் கிழியாது, உறையும் கிழியாது. மேல்தகட்டைச் சரித்து, வாய்க்கு வெளியே இரண்டு விரற்கடை நீட்டியிருப்பார். ஐப்பசி மழை சாய்ந்தடிப்பது அவருக்குத் தெரியும். மீறி உள்ளே வரும் தண்ணீர் வடிய, அடியில் இரண்டு சின்னத் துளைகள். எங்கள் பழைய பெட்டியில் அவை இல்லாமல் ஒரு கல்யாணப் பத்திரிகை மஞ்சள் கூழாகிப்போனது.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; அதை மடிக்காமல் வைத்த உறைக்கு வாய் 25 செ.மீ. இருந்தால் வசதி. கடைக்கும் அலுவலகத்துக்கும் ஆழமும் பூட்டும் முக்கியம். வீட்டுக்கு எனக்கு முக்கியம், வாயில் தொங்கும் அந்தச் சிறு மூடி. அணிலைத் தடுக்கும் என்பது ஒருபுறம். மத்தியானத் தூக்கத்தில் அது ‘டக்’ என்று விழும் ஓசை இருக்கிறதே! வந்திருப்பது பெரும்பாலும் காப்பீட்டு நோட்டீஸ்தான். ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துபோகிறேன்.