அட்கின்ஸ் தீர்ப்பு: ஒரு திறனாய்வு

அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கு மரண தண்டனை விதித்தலாகாது என்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 2002 ஜூன் 20ஆம் நாள் தீர்ப்பளித்தது. வழக்கு அட்கின்ஸ் எதிர் வர்ஜீனியா. கொடியதும் வழக்கத்துக்கு மாறானதுமான தண்டனைகளைத் தடுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் திருத்தமே இதற்கு ஆதாரம். நீதிபதிகளுள் அறுவர் இசைந்தனர், மூவர் மறுத்தனர். இம்முடிவை வரவேற்பதில் நமக்குத் தயக்கமில்லை. ஆயின் நீதிமன்றம் அம்முடிவுக்கு வந்து சேர்ந்த வழி ஆராயத்தக்கது. பின்னர் நேர்ந்த இடர்களுக்கு வித்து அவ்வழியிலேயே இருந்தது.

1989இல் பென்றி வழக்கில் இதே நீதிமன்றம் இத்தடையை விதிக்க மறுத்திருந்தது. அப்பொழுது இத்தகையோரைக் காக்கச் சட்டம் இயற்றியிருந்த மாநிலங்கள் இரண்டே. 2002க்குள் அவை 18 ஆயின. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் இவ்வெண்ணிக்கையையே முதற்கண் நிறுத்தினார். மரண தண்டனை உள்ள 38 மாநிலங்களுள் 18 என்பது பாதிகூட இல்லையே என்று மறுத்தெழுதிய ஸ்காலியா கேட்டார். கணக்களவில் அவர் கேட்டது சரியே. ஒரு செயல் கொடியதா என்பதைத் தலைகளை எண்ணித் துணியப் புகுந்தால், இத்தகைய கேள்விக்கு விடையிறுக்க நேரும்.

எண்ணிக்கைக்கு அப்பால் தீர்ப்பு இரண்டு காரணங்களைக் கூறுகிறது. முதலாவது, இவர்களுடைய பொறுப்பு குறைவு. ஆகவே மிகப்பெரிய தண்டனை இவர்களுக்குப் பொருந்தாது. இது எவரும் எதிர்பார்ப்பதே. இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. இவர்கள் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளக்கூடும். தம் வழக்கறிஞருக்கு உதவ இயலாதவர்கள். சாட்சிக் கூண்டில் இவர்களுடைய முகத்தோற்றம் மனவருத்தமின்மையாகத் தோன்றக்கூடும். குறைபாட்டை எடுத்துரைப்பதும் ஆபத்தே. அதனாலேயே இவன் இனியும் கொலை செய்வான் என்று ஜூரிகள் எண்ணிவிடலாம். பென்றி தீர்ப்பு இதை இருபுறமும் கருக்குள்ள பட்டயம் என்னும் உவமையால் குறித்தது. நம் வாசகருக்கு அது புதிதன்று. இங்கே குறைவு குற்றவாளியிடம் மட்டும் இல்லை, அவனைப் பார்க்கும் நீதிமன்றத்தின் கண்ணிலும் உள்ளது. இக்காரணத்தை முதன்மையாகக் கொண்டிருந்தால் தீர்ப்பு வேறொரு உறுதியைப் பெற்றிருக்கும். அதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, யார் குறைபாடுடையவர் என்று வரையறுக்கும் பணியை நீதிமன்றம் மாநிலங்களிடமே விட்டுவிட்டது.

விளைவு என்ன? ஃபுளோரிடா, நுண்ணறிவு ஈவு 70க்கு ஓர் எண் மிகினும் வேறு சான்று எதையும் கேளாது கதவடைத்தது. 71 பெற்ற ஒருவரின் வழக்கில், 2014இல், உச்ச நீதிமன்றம் இதைத் தள்ளியது. டெக்சாஸ் சென்ற வழி இன்னும் விந்தையானது. அதன் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல், ஸ்டைன்பெக்கின் கதையில் வரும் லென்னியைப் போன்றவனை விலக்க மக்கள் இசைவர் என்று கூறி, மருத்துவம் அறியாத சில அடையாளங்களை வகுத்தது. அக்கதையில் லென்னி சுட்டுக் கொல்லப்படுகிறான் என்பது நீதிபதிகளுக்கு நினைவு வரவில்லை போலும்! சோதனையில் 61 பெற்ற ஒருவர் 2012இல் அம்மாநிலத்தில் விஷ ஊசியால் கொல்லப்பட்டார்.

மூர் என்பவரின் வழக்கில் இம்முறையின் கொடுமை வெளிப்பட்டது. பதின்மூன்று வயதிலும் அவருக்கு வார நாள்கள் தெரியா. மணி பார்க்கத் தெரியாது. தந்தையால் துரத்தப்பட்டுத் தெருவில் வாழ்ந்து, புல் வெட்டிப் பிழைத்ததை அவருடைய திறமைக்குச் சான்றாக டெக்சாஸ் நீதிமன்றம் கொண்டது. உயிரோடு எஞ்சியதே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று! உச்ச நீதிமன்றம் 2017இலும் 2019இலும் இருமுறை தலையிட்ட பின்னரே அவர் தப்பினார்.

அட்கின்ஸின் கதி என்ன? ஒரு வான்படை வீரரைக் கடத்திக் கொன்ற வழக்கு அவருடையது. முதற் சோதனையில் 59 பெற்றவர் பின்னர் 74உம் 76உம் பெற்றார். வழக்கறிஞரோடு பல்லாண்டு பழகியதே அறிவைத் தூண்டியது என்று கூறப்பட்டது. 2005இல் ஜூரிகள் அவர் குறைபாடுடையவர் அல்லர் என்றனர். 2008இல் அவருடைய தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அரசுத் தரப்பு சான்றை மறைத்ததே அதற்குக் காரணம். தம் பெயரால் வழங்கும் விதி அவரைக் காக்கவில்லை.

இறையியல் மாணவர் தீர்ப்பின் 21ஆம் அடிக்குறிப்பைத் தவறாது வாசிக்கவேண்டும். கிறிஸ்தவ, யூத, இஸ்லாமிய, பௌத்த மரபினர் ஒருமித்து அளித்த விண்ணப்பத்தை நீதிமன்றம் அங்கே குறிக்கிறது. மரண தண்டனையைப்பற்றி வேறுபட்ட கருத்துடையோரும் இதில் ஒன்றுபட்டனர் என்பது சிறப்பே. ஆயின் உலக நாடுகளின் கருத்து, மக்கள் கருத்துக் கணிப்பு ஆகியவற்றோடு அது ஒரே வரிசையில் நிற்கிறது. திருச்சபைகளின் சாட்சியும் அங்கே மற்றுமோர் எண்ணாகவே கொள்ளப்பட்டது. சமயக் குழுக்களின் கருத்து பொதுக்கருத்துக்கு அளவாகாது என மறுத்தெழுதியோர் எளிதில் ஒதுக்கியதும் இதனாலேயே. இரண்டாவது காரணத்துக்கோ திருச்சபை வேறுவகைச் சாட்சி பகரக்கூடும். இத்தகைய பிள்ளைகளுடைய வீடுகளுக்கு ஆண்டுக்கணக்காய்ச் சென்றுவரும் போதகர், அவர்களுடைய சிரிப்பு எப்பொழுது அச்சத்தின் அடையாளம் என்பதை அறிவார். ஜூரிகளுக்கு அது தெரியாது.