தலைப்பு எனும் அதிகாரம்

நூலின் ஒரு பகுதிக்கும் ஆளும் வல்லமைக்கும் தமிழில் ஒரே சொல்தான்: அதிகாரம். இதை வெறும் சொல் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. குறளை எடுத்துக்கொள்வோம். 1330 பாக்கள், பத்துப் பத்தாக 133 தலைப்புகளின் கீழ். ஒரு குறள் எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறது என்பதே அதன் பொருளில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரத்தின் தொடக்கத்திலும் அது ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று காரணம் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்குள் நுழைகிறார். மணக்குடவரிடம் குறள்களின் வரிசை வேறு. அதனால் வாசிப்பும் வேறு. ஆக, தலைப்பு பிரதிக்கு வெளியே தொங்கும் அப்பாவிப் பெயர்ப்பலகை இல்லை. 'இப்படி வாசி, இதோடு நிறுத்து' என்னும் கட்டளை அது. ழெரார் ழெனெத் 1987-இல் வெளியிட்ட நூலில் தலைப்பு, முன்னுரை, குறிப்பு போன்றவற்றை வாசற்படிகள் என்றார். வாசற்படி உள்ளே விடும், வெளியேயும் நிறுத்தும்.

ஓலைச்சுவடியில் இந்த வாசற்படிகள் குறைவு. பெரும்பாலும் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பத்தி கிடையாது. புறநானூற்றில் திணை, துறை, பாடியவர் குறிப்பெல்லாம் பாட்டுக்குப் பின்னால்தான் வருகிறது. அச்சு வந்தபோது எண், நிறுத்தக்குறி, அருஞ்சொல் அகராதி எல்லாம் வந்தன. பண்டிதர் கையில் இருந்த நூலை மற்றவரும் தேடிப் படிக்க முடிந்ததற்கு இவையும் ஒரு காரணம். தலைப்பை வெறும் ஒடுக்குமுறை என்று எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

வடக்குப்பட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கற்கருவிகள், ரோமானிய ஆம்போரா சாடியின் ஓடுகள், சில பொன்னணிகள் கிடைத்தன. செய்தித்தாள் தலைப்பில் ஊர் 'தொன்மை' ஆனது. சுற்றிலும் ஒரகடம், வல்லம்-வடகால் சிப்காட் வளாகங்கள். அந்தத் தலைப்பில் ஊர் 'தொழில் வளர்ச்சி'. ஒரே மண், இரண்டு தலைப்பு. இங்கே உழுதவரும், ஒப்பந்தக் கூலியாக ஷிப்டு பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்ணும் இரண்டிலும் அகப்படுவதில்லை.

ஆலை வாசலுக்கு வருவோம். 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும், அவர்கள் நுழையும் வாசலருகே பார்வையில் படும்படி ஒட்டச் சொன்னது. பார்வையில் படுவதும் வாசிக்கப்படுவதும் ஒன்றா? நான் பார்த்த ஒரு பலகையில் 'ஒழுங்கீனங்கள்' என்பது தடித்த எழுத்தில் தனித் தலைப்பு. தண்டிக்குமுன் தொழிலாளியிடம் விளக்கம் கேட்கவேண்டும் என்ற விதி நீண்ட பத்தியின் நடுவே, தலைப்பில்லாமல் கிடந்தது. "எங்கண்ணா இருக்குது?" என்று கேட்ட பையனுக்கு விரல் வைத்துக் காட்டவேண்டியிருந்தது. தண்டனைக்குத் தலைப்பு உண்டு, உரிமைக்கு இல்லை.

திரையிலும் இதே கதைதான். 2006-இல் ஜேக்கப் நீல்சன் கண்ணசைவுகளை ஆராய்ந்து, மேல்வரிகளை ஓரளவு முழுதாகப் படிப்பவர்கள் கீழே போகப்போக இடது ஓரத்தை மட்டுமே மேய்கிறார்கள் என்றார். ஆகவே தலைப்பின் முதற்சொல்லுக்கே மவுசு. தேடும் கருவி இன்னும் கறாரான வாசகர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் 'நிலம்' என்று கொடுத்தால் 'நிலத்தை' சிக்காது. 'நில' என்று கொடுக்கவேண்டும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டை' தப்பிவிடும். வேற்றுமை ஏறினால் சொல்லின் உடம்பே மாறும் மொழி நம்முடையது. படமாக வருடி ஏற்றிய அறிவிக்கையிலோ எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. வெறுமனே தடிக்கவைத்த வரி கண்ணுக்குத் தலைப்பு, கணினிக்கு இல்லை. தலைப்பு என்று முறையாகக் குறித்தால்தான் பார்வையற்ற தோழர் திரைவாசிப்பானில் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும்.

இனி நம் பக்கம். துணைத்தலைப்பு வைப்பது வெகுஜனப் பத்திரிகை வேலை என்றொரு ஜம்பம் சிறுபத்திரிகை உலகில் உண்டு. எட்டுப் பக்கம் மூச்சுவிடாமல் எழுதினால் அது எதிர்ப்பு அழகியலாம்! மையத்தைத் தகர்ப்பதாகச் சொல்லும் கட்டுரை, ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு மட்டுமே கதவைத் திறக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்தவர் நம் துண்டறிக்கைக்கு பஸ்ஸில் பத்து நிமிஷம் தரலாம். அதற்குள் அவருக்கு வேண்டியது அகப்படவேண்டும்.

தலைப்பு சிந்தனையை மூடிவிடும் என்பார்கள் சிலர். மூடும்தான், பெயர்ச்சொல்லாக மட்டும் நின்றால். 'நஷ்டஈடு' என்பது அரசு தரும் பெட்டி. 'நஷ்டஈட்டுக் கணக்கை யார் போட்டது?' என்று கேட்டால் பெட்டி உடைகிறது. தலைப்பிடும் உரிமை யாரிடம் என்பதுதான் இங்கே அரசியல்.

அடுத்த அறிவிக்கை வரும்போது அதன் தலைப்புகளை மட்டும் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். யார் இருக்கிறார், யார் விடுபட்டார் என்பது தெரிந்துவிடும். விடுபட்டதற்கு நாமே தலைப்பு எழுதி, அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டுவோம்.